சுருக்கத்துக்கு ஒரு சாண்

எங்கள் பட்டறைக்குள் புதிதாக நுழைகிற யாரும் முதலில் கேட்பது, "இங்க என்ன பொம்ம பண்றீங்க?" என்பதுதான். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட்டைப் பிடித்து, இந்தப் பக்கம் பொம்மை யூனிட், அந்தப் பக்கம் ஃபியூஸ் கட்டை யூனிட், நடுவில் நான் என்று உட்கார்ந்திருந்தால் வேறு என்ன கேட்பார்கள்? ஒருவர் உடைந்த வாஷ்பேசினைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதே மாதிரி ஒண்ணு வேணும்" என்று நின்றார். நான் இரும்புக் குழாயைக் காட்டியதும், ஏதோ அவரை ஏமாற்றிவிட்டவளைப் போல என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

நான் செய்வது ஃபின் டியூப். பெயரைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். பைக் எஞ்சினைச் சுற்றி வரிவரியாகத் தகடுகள் நீட்டிக்கொண்டிருக்குமே, அதே சங்கதிதான். ஒரு நீளமான இரும்புக் குழாய். அதன் மேல் அலுமினியப் பட்டையை விளிம்பில் நிற்க வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நெருக்க நெருக்கமாகச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். குழாய்க்குள் நீராவி ஓடும். அதன் சூடு பட்டைகளுக்குப் பரவும். வெளியே காற்றை ஊதினால் காற்று சூடாகிக்கொண்டு போகும். டம்ளரில் ஆறாத டீயை அகலமான தட்டில் ஊற்றினால் சட்டென்று ஆறுகிறதல்லவா, சூட்டுக்கு இடம் கிடைத்தால் போதும், வெளியே வந்துவிடும். என் படிப்பும் பிழைப்பும் இந்த ஒரு விஷயத்தில் அடங்கிவிட்டன.

பேட்டையில் எனக்கு முதல் எதிரி தூசி. பீங்கான் மாவு வெள்ளை வெளேரென்று காற்றில் மிதந்து வந்து எல்லாவற்றின் மேலும் உட்காரும். பட்டைக்கும் குழாய்க்கும் நடுவில் அது புகுந்துவிட்டால் சூடு தாண்டாது. வந்த புதிதில் பொம்மை யூனிட் அம்மாவிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அந்தம்மா கையில் ஒரு தலையில்லாத பிள்ளையாரை வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "பீங்கான் பேட்டைக்கு வந்துட்டுத் தூசி வரக்கூடாதுன்னா எப்படிம்மா? நீ வேணும்னா உன் பைப்புக்கு முக்காடு போட்டு வையி." எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னபடியே ஈரச் சாக்கைத் திரையாகத் தைத்து வாசலில் தொங்கவிட்டேன். தூசி பாதியாகக் குறைந்தது. அந்தம்மாவிடம் அதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

என் கணவரும் பீங்கான் ஆள்தான். பிளாஸ்டரில் அச்சு செய்கிறவர். பேட்டையில் எந்தப் புதுச் சாமான் வந்தாலும், அதற்கு முதல் மாதிரி இவர் கையில்தான் பிறக்கும். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டுத் திருச்சியில் ஒரு ஃபின் டியூப் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருந்தேன். கல்யாணம் ஆனபோது, யாராவது ஒருவர் வேலையை விட்டுவிடுவார் என்று இரண்டு வீட்டிலும் நினைத்தார்கள். நான் விடுவேன் என்று அவர் வீட்டிலும், அவர் விடுவார் என்று எங்கள் வீட்டிலும். இருவரும் விடவில்லை. வாரக் கடைசியில் நான் ரயில் ஏறி வருவேன். அவர் விருத்தாசலம் ஸ்டேஷன் வாசலில் வண்டியோடு நிற்பார். மறுபடி ஞாயிறு சாயங்காலம் கொண்டுபோய் விடுவார். மகள் வளர்ந்து சென்னையில் காலேஜ் விடுதிக்குப் போனபிறகு, மூன்று பேர், மூன்று ஊர். ரேஷன் கார்டில் மட்டும்தான் நாங்கள் ஒரே குடும்பம்.

எனக்கு ஒருநாள் அலுத்துப் போய்விட்டது. திருச்சி விடுதி அறையில் தனியாக உட்கார்ந்து உப்புமா தின்றுகொண்டிருந்தபோது, சட்டென்று அழுகை வந்தது. உப்புமா அவ்வளவு மோசமில்லை. மறுநாளே ராஜினாமா கொடுத்தேன். பழைய சுற்றும் மிஷின் ஒன்றைப் பிடித்தோம், ஷெட்டைப் பிடித்தோம், பூசணிக்காய் உடைத்தோம். கம்பெனி மேனேஜர் நல்ல மனிதர். "ஒரு வருஷம் பாருங்க. சரிப்படலைன்னா உங்க இடம் உங்களுக்குத்தான்" என்று சொல்லி அனுப்பினார்.

அந்த வருஷம் முழுக்க எனக்குக் கிடைத்தது சில்லறை வேலைதான். பழைய குழாய்க்குப் பட்டை மாற்றுவது, பீங்கான் யூனிட்டுகளின் உலர்த்தும் அறைக்கு இரண்டொரு குழாய் சுற்றிக் கொடுப்பது. பட்டறையின் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ஐப்பசி மழை பிடித்த சமயத்தில் மேனேஜர் போன் செய்தார். "மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்கம்மா. அதுக்கு மேல இடத்தக் காலியா வெக்க முடியாது."

போனை வைத்துவிட்டுக் கணவரிடம் சொன்னேன். அவர் அச்சைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். அப்புறம், "நீ என்ன நெனைக்கிற?" என்றார்.

"ஒரே ஒரு நல்ல ஆர்டர், முழுசா, நம்ம பேர்ல ஓடணும். ஓடிச்சுன்னா இங்கியே. இல்லன்னா நான் பெட்டியக் கட்டுறேன்."

அவர் தலையை ஆட்டினார். அன்று ராத்திரி ரசத்துக்கு உப்புப் போட மறந்தேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. வழக்கமாக முதல் வாயிலேயே முகத்தைச் சுளிக்கிற ஆள்.

அந்த வாரமே ஆர்டர் வந்தது. சேத்தியாத்தோப்பில் புழுங்கல் அரிசி மில் நடத்துகிற அம்மா ஒருவர், நேரில் வந்து என் ஈரச் சாக்கை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். நல்ல உயரம், குரல் அதைவிட உயரம். அவர் மில்லில் நெல் உலர்த்தும் சூடுகாற்றுப் பெட்டிக்குள் இருந்த குழாய்கள் எல்லாம் ஓட்டையாகி, நீராவி பீச்சுகிறதாம். வெயில் அடித்தால் களத்தில் கொட்டிக் காயவைத்துக்கொள்ளலாம். மழையில் களம் குளமாகக் கிடந்தது.

"அவிச்ச நெல்லு ரெண்டு நாள் ஈரமா கெடந்தா நாறிப் போயிடும்மா. சோறு ஆக்குனா பக்கத்து வூட்டுக்காரன் சண்டைக்கு வருவான். வெளியூர்ல கேட்டா ஒரு மாசம்ன்றாங்க. நீ எப்ப தருவ?"

"அளவு மட்டும் கரெக்டா கெடச்சா, ஒரு வாரத்துல தரேம்மா" என்றேன்.

அளவெடுக்க நானே போயிருக்க வேண்டும். ஆனால் என் நேரம், மறுநாள் காலை எழுந்தால் இரண்டு கண்ணும் செக்கச் செவேலென்று ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை. மெட்ராஸ் ஐ. மில்லுக்காரம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். "ஐயய்யோ, இங்க மூட்ட தூக்குற அத்தன பேருக்கும் ஒட்டிக்கும். நீ வராத தாயி" என்று அலறினார். கணவர், "நான் போயிட்டு வரேன்" என்றார். இருபது வருஷமாக அளவெடுப்பதே தொழிலாக இருக்கிற மனிதர். அவரை நம்பாமல் யாரை நம்புவது?

சாயங்காலம் திரும்பி வந்தார். நான் கறுப்புக் கண்ணாடியோடு மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

"சரியா அளந்தீங்களா?"

"ரெண்டு தடவ அளந்தேன். போறதுக்கு முந்தி இன்னொரு தடவயும் பாத்தேன்."

அவர் சொன்ன நீளத்துக்குக் குழாய்களை வெட்டினோம். துடைத்தோம், மறுபடி துடைத்தோம். மிஷின் சுற்ற ஆரம்பித்தது. குழாய் சுழன்றுகொண்டே மெல்ல நகரும். சுருளிலிருந்து வருகிற பட்டை அடியில் மடிந்து, குழாயை இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டு எழும்பி நிற்கும். இரண்டு முனையிலும் கொஞ்சம் வெறும் குழாயாக விட்டு, பட்டை அவிழாமல் பூட்டுப் போட வேண்டும். முடிந்த குழாயை வெளிச்சத்தில் பிடித்தால் பளபளவென்று மின்னும். கண்ணாடிக்குள்ளிருந்து எனக்கு எல்லாமே கறுப்பாகத்தான் தெரிந்தது என்றாலும், எண்ணி எண்ணிப் பூரித்துப் போனேன். பொம்மை யூனிட் அம்மா எட்டிப் பார்த்து, "என்னம்மா, சினிமாக்காரியாட்டம் கண்ணாடி போட்டுக்கிட்டு வேல பாக்குற" என்றார். அன்று எனக்குக் கோபமே வரவில்லை.

சொன்ன நாளில், மழை விட்டிருந்த காலையில், குட்டியானை லோடு வண்டியில் குழாய்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். கண் தெளிந்திருந்தது. டிரைவரோடு நாங்கள் இருவரும் முன்னால் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டோம். கருவேப்பிலங்குறிச்சியில் டீக்கு நிறுத்தியபோது, கணவர் பின்னால் போய்த் தார்ப்பாயைத் தூக்கிக் குழாய்களைப் பார்த்துவிட்டு வந்தார். "இருக்குது" என்றார், அவை எங்கோ எழுந்து போயிருக்கக்கூடும் என்பதுபோல.

குழாய் வருகிற நம்பிக்கையில் முந்தின நாளே அவித்துப் போட்ட நெல்லின் வாசனை மில் முழுக்க. அதில் லேசாகப் புளிப்பு ஏறத் தொடங்கியிருந்தது. மில்லுக்காரம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நாளைக்குக் காத்து ஓடலன்னா இந்தக் குவியலு மாட்டுக்குத்தான்" என்றார். மில் ஃபிட்டர் கம்மாபுரத்துக்காரர், நடுவயது, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. பெட்டியின் ஒரு பக்கத் தகட்டைக் கழற்றித் தயாராக வைத்திருந்தார்.

பெட்டி விஷயம் ரொம்ப எளிமை. இரண்டு பக்கமும் துளை போட்ட கனமான தகடுகள். குழாயின் ஒரு முனையை இந்தத் தகட்டின் துளையில் நுழைத்து நிறுத்தி, மறுபக்கத் தகட்டைக் கொண்டுவந்து அடுத்த முனைகளில் மாட்டி, பெட்டியோடு சேர்த்து போல்ட் முடுக்கிவிட வேண்டும். குழாய்களை ஒவ்வொன்றாக நுழைத்தோம். பார்க்க அழகாக இருந்தது. ஃபிட்டரும் இன்னும் இரண்டு பேரும் மறுபக்கத் தகட்டைத் தூக்கி வந்து, முனைகளில் பொருத்தி, தள்ளினார்கள்.

தகடு பெட்டியைத் தொடவில்லை. ஒரு சாண் தள்ளி அந்தரத்தில் நின்றது.

"இன்னும் தள்ளுங்க" என்றேன்.

"தள்ளியாச்சுக்கா. இதுக்கு மேல பட்டை இடிக்குது" என்றார் ஃபிட்டர்.

டேப்பைப் பிடுங்கிப் பெட்டியை அளந்தேன். குழாயை அளந்தேன். கணவரைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது.

"பெட்டி எவ்ளோன்னு அளந்தீங்க?"

சொன்னார். நான் இப்போது அளந்த அதே அளவு. நூல் பிசகவில்லை.

"அப்பொறம் எங்கிட்ட ஏன் வேற அளவு சொன்னீங்க?"

"அது வந்து..." அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "சுருக்கத்துக்குச் சேத்தேன்."

அந்த இடத்தில் பீங்கான் தெரியாதவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது. களிமண் சாமான் காயும்போது கொஞ்சம் சுருங்கும், சூளையில் வெந்து வரும்போது இன்னும் சுருங்கும். அதனால் ஒரு சாண் சாமான் வேண்டுமென்றால் ஒரு சாணுக்கு மேலேதான் அச்சு செய்வார்கள். எவ்வளவு சுருங்குமோ அவ்வளவையும் முன்கூட்டியே சேர்த்துவிடுவது. பேட்டையில் இதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. அளவு காதில் விழுந்ததும் கை தானாகக் கூட்டிக்கொள்ளும். என் வீட்டுக்காரர் கையும் அப்படித்தான் கூட்டியிருக்கிறது.

நான் கத்திய கத்தலில் களத்தில் நெல் பொறுக்கிக்கொண்டிருந்த புறாக்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன.

"சுருக்கமா? எதுக்குங்க சுருக்கம்? இரும்புக் கொழாயச் சூளையில வெச்சு வேகவெக்கப் போறமா? இது என்ன ஃபியூஸ் கட்டையா, பிள்ளையார் பொம்மையா? இருவது வருசமா மண்ணப் பிசைஞ்சு பிசைஞ்சு மண்டைக்குள்ளயும் மண்ணா போச்சா?"

ஃபிட்டர் கிராம்பைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு சிரிப்பை அடக்கினார். மில்லுக்காரம்மா இடையில் வந்தார்.

"ஏம்மா, நீட்டுதானே? வெட்டி எறிஞ்சிட்டா ஆச்சு."

"வெட்ட முடியாதும்மா. பட்டைய இழுத்துப் பிடிச்சு சுத்தி வெச்சிருக்குது. பூட்ட எடுத்துட்டு நடுவுல வெட்டுனா, கொசுவம் அவுந்த பொடவையாட்டம் மொத்தமும் அவுந்துடும். ஒவ்வொண்ணையும் பட்டறைக்குக் கொண்டுபோயி மறுபடி பூட்டுப் போட்டு வெட்டணும்."

"அதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்?"

நான் நெல் குவியலைப் பார்த்தேன். அந்தப் புளிப்பு வாசனை இப்போது தொண்டைக்குள் இறங்கியது. திருச்சி விடுதியும், ஜன்னலோரக் கட்டிலும், உப்புமாவும் கண்முன்னே வந்து நின்றன. அழுகை வரும் என்று தெரிந்தது. எனக்கு அழுகை வரப்போனால் அதற்கு முன்னால் கோபம்தான் ஓடி வரும்.

"கொழா சுருங்காதும்மா!" என்று கத்தினேன். "வேணும்னா உங்க பொட்டிய நீட்டிக்குங்க!"

சொன்ன வேகத்தில் டேப்பையும் தரையில் வீசினேன். மில்லுக்காரம்மா இப்போது என்னைக் கிழித்துவிடுவார் என்று காத்திருந்தேன். அதற்குள் ஃபிட்டர் பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். தகட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் இருந்த சந்துக்குள் கையைவிட்டுப் பார்த்தார்.

"அக்கா சொல்றது சரிதான்" என்றார்.

"என்னய்யா சரி?" என்றேன் நான்.

"பொட்டிய நீட்டிட்லாம்க்கா. தகடு அங்கியே நிக்கட்டும். சுத்தி ஒரு சாணுக்குத் தகர ஷீட்டு அடிச்சு மூடிட்டா முடிஞ்சுது. ஆவி வர்ற பைப்பத்தான் ஒரு சாண் வெட்டணும். அது சும்மா வெறும் பைப்புதான."

கோபத்தில் ஏதோ கத்தப்போக, அதையே யோசனை என்று எடுத்துக்கொள்கிறார்களே என்று ஒரு பக்கம் வெட்கம். இன்னொரு பக்கம், அது நடக்கும் என்று எனக்கும் தெரிந்துவிட்டது. பட்டை கொஞ்சம் நீளமாக இருப்பதால் நஷ்டம் ஒன்றுமில்லை. சந்தில் காற்று ஒழுகாமல் அடைத்தால் போதும். ஷீட்டுக்கு எங்கே போவது, சந்தை எதை வைத்து அடைப்பது என்று கேட்கக் கணவர் பக்கம் திரும்பினேன்.

அவர் அங்கே இல்லை. வாசலுக்கு ஓடினேன். குட்டியானையும் இல்லை.

"டிரைவரோட ஏறிப் போனாரேம்மா, இப்பதான்" என்றார் மூட்டை தூக்குகிற ஒருவர்.

போன் அடித்தேன். என் பக்கத்திலேயே, பெட்டியின் மேல் அவர் விட்டுப்போன போன் கிணுகிணுத்தது. அத்தனை பேர் நடுவில் மண்டையில் மண் என்று சொல்லியிருக்கிறேன். எவ்வளவு சாதுவான மனிதருக்கும் ரோஷம் இருக்காதா? மில்லுக்காரம்மா எனக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்துவிட்டு, "ஆம்பள கோவிச்சுக்கிட்டுப் போனா எங்க போவான், பசிச்சா வருவான்" என்றார். மோரை அப்படியே வைத்தேன். நானும் ஃபிட்டரும் நீராவிக் குழாயை வெட்டுகிற வேலையைத் தொடங்கினோம். வேலை செய்துகொண்டே வாசலைப் பார்த்தேன். அவரைப் போகவிட்டு ஒரு வேலையும் ஆகாது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பட்டறை, ஆர்டர், திருச்சியை விட்டு வந்தது எல்லாமே அவர் பக்கத்தில் இருக்கத்தானே? அதை மறந்துவிட்டு அவரையே விரட்டி அடித்திருக்கிறேனே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிக் குட்டியானை வந்து நின்றது. கணவர் இறங்கினார். பின்னால் சரியான அளவுக்கு வெட்டி மடித்த ஷீட்டுகள். அதோடு, சூளைக் கதவு இடுக்கில் சூடு ஒழுகாமல் வைப்பார்களே, அந்த வெள்ளைப் பஞ்சுச் சுருள் ஒன்று, மெத்தை மாதிரி.

"பொட்டிய நீட்டுங்கன்னு நீ சொன்னது காதுல விழுந்துச்சு" என்றார். "அதான் பேட்டைக்குப் போயி ஷீட்ட வெட்டி எடுத்தாந்தேன்."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. வாயில் வந்தது வேறு. "இந்த ஷீட்டுக்கும் சேத்தீங்களா?"

"சேக்கல." அவர் டிரைவர் பக்கம் கையைக் காட்டினார். "நான் டேப்பயே தொடல. நீ இந்தப் பக்கம் ஃபிட்டரோட பேசிக்கிட்டிருந்தப்பவே, அந்தப் பக்கத்துச் சந்த அவரு கையால அளக்கச் சொல்லிட்டுத்தான் கெளம்புனேன்."

டிரைவர் பெருமையாகத் தலையாட்டினார். ஃபிட்டரால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. கிராம்பு தெறித்து விழும் அளவுக்குச் சிரித்தார். மில்லுக்காரம்மா சிரித்தார். கடைசியில் நானும் சிரித்துவிட்டேன்.

ஷீட்டுகள் சொல்லி வைத்தாற்போல உட்கார்ந்தன. கணவர் பஞ்சைக் கிழித்து இடுக்குகளில் அடைத்தார். அந்த வேலையில் அவரை அடிக்க ஆளில்லை. விரல் நுனியால் அழுத்தி அழுத்தி, ஒரு நூல் வெளிச்சம்கூடத் தெரியாமல் அடைத்தார். வெளிச்சம் மங்குவதற்குள் ஃபிட்டர் ஆவியைத் திறந்துவிட்டார். குழாய்கள் மெல்லச் சூடாகின. விசிறி ஓடியது. முதலில் ஈரக் காற்று வந்தது. கொஞ்ச நேரத்தில் சுள்ளென்று காய்ந்த காற்று முகத்தில் அடித்தது. மில்லுக்காரம்மா முந்தானையைக் காற்றில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பழசவிட ஜாஸ்தியா அடிக்குதே!" என்றார். அடிக்கத்தானே செய்யும், பழசு பாதி ஓட்டை, புதுசு எல்லாமே புதுசு. நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். கணவர் என் காலை லேசாக மிதித்தார். வாயை மூடிக்கொண்டேன்.

திரும்பும்போது மறுபடி கருவேப்பிலங்குறிச்சியில் டீ. டிரைவர் வண்டிக்குக் காற்றடிக்கப் போயிருந்தார். பெஞ்சில் நாங்கள் இருவர் மட்டும்.

"மண்ணுன்னு சொன்னது தப்புங்க" என்றேன்.

"பரவால்ல. மண்ணுதான."

"இல்ல, எனக்கு ஒண்ணு புரியல. போன வருசம் சமயக்கட்டு அலமாரிக்கு அளந்தீங்க. கரெக்டா வந்துச்சு. மகளுக்குக் கட்டில் அளந்தீங்க. அப்பல்லாம் சேக்கலையே. இதுக்கு மட்டும் ஏன் சேத்தீங்க?"

அவர் டம்ளரைக் கைக்குள் உருட்டிக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் சும்மா அளந்தது" என்றார். "இது ஓடலன்னா நீ போயிடுவன்னு சொன்ன. அதனால, என் மாடலுக்கு எப்படிப் பாத்துப் பாத்து அளப்பேனோ, அப்படிப் பாத்துப் பாத்து அளந்தேன். அப்படி அளந்தா கை சேத்துடுது."

டீ ஆறிப்போகிறது என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த வாரத்தில் சிதம்பரம் பக்கமிருந்து ஒரு மில்காரர் போன் செய்தார். சேத்தியாத்தோப்பு அம்மா, கேட்காமலேயே ஒரு சாண் கூடுதலாகப் போட்டுக் கொடுக்கிற தாராளக்காரர்கள் நாங்கள் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. "எங்களுக்கும் அதே மாதிரி நீட்டக் கொழாயா போடுங்கம்மா" என்றார் அவர். முதலில் பெட்டியை அளக்கிறேன், அப்புறம் பேசலாம் என்றேன். இந்தத் தடவை கண் நன்றாகத் தெரிந்தது. நானே போனேன். பட்டறை வாசலில் பெயர்ப் பலகை எழுதுகிறவரும் வந்தார். பலகை எவ்வளவு நீளம் என்று கேட்டார். பொம்மை யூனிட் அம்மா அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "அந்தாளக் கேக்காதப்பா, அந்தம்மாவக் கேளு!" பேட்டை முழுக்கக் கதை பரவியிருந்தது.

மாசக் கடைசி வந்தது. காலையில் மிஷினைப் போடுவதற்கு முன்னால் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கணவர் தன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே துடைத்த வண்டி. மேனேஜரிடம் நான் வரவில்லை என்று சொன்னேன். அவர் வாழ்த்துச் சொன்னார், கொஞ்சம் வருத்தப்பட்டார், வைத்துவிட்டார். கணவர் துணியை உதறினார். என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அப்ப இங்கதான் இருப்ப?"

"இங்கதான்."

"எவ்ளோ நாளைக்கு?"

இத்தனை வருஷம் ஸ்டேஷன் வாசலில் நின்ற மனிதர். ஒருநாளும் போகாதே என்று சொன்னதில்லை.

"உங்களுக்கு எவ்ளோ நாள் வேணுமோ நீங்களே கணக்குப் போட்டுக்குங்க" என்றேன்.

அவர் நிஜமாகவே யோசித்தார். "போட்டுட்டேன்" என்றார்.

"அதுக்கு மேல, சுருக்கத்துக்கும் சேத்துக்குங்க."